மூச்சு விடும் இடத்தைப் பாருங்கள்

மொட்டை மாடியிலோ கிணற்றடியிலோ அல்லித் தொட்டி வைத்தவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்தில் ஒரு கவலை வந்துவிடும். தண்ணீர், சேறு, ஒரு கிழங்கு என்று மூன்றை மட்டுமே போட்ட தொட்டியில் ஏதேதோ நெளியத் தொடங்கியிருக்கும். கறுப்பாக ஒன்று தலைகீழாகத் தொங்குகிறது. சிவப்பாக ஒன்று சுருண்டு சுருண்டு நீந்துகிறது. வெள்ளை நூல் போன்ற ஒன்று சுவரில் ஊர்கிறது. வீட்டில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "இதெல்லாம் கொசுவா?" சரியான பதில் கிடைக்காத வீடுகளில் தொட்டி கவிழும், அல்லது ஒரு கைப்பிடி ப்ளீச்சிங் பவுடர் விழும். அந்தக் கூட்டத்தில் கொசுவும் இருந்திருக்கலாம், கொசுவைத் தின்ன வந்ததும் இருந்திருக்கலாம், இரண்டுக்கும் சம்பந்தமில்லாத அப்பாவியும் இருந்திருக்கலாம்.

இவை எங்கிருந்து வந்தன என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. அட்டை, தட்டைப்புழு, நூல்புழு, நத்தை எல்லாம் நர்சரியில் வாங்கிய செடியின் வேர்ச்சேற்றோடு வந்தவை. பூச்சி இனங்கள் பறந்து வந்தவை. நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியின் அதிர்வு பெரும்பாலும் ஒரே தளத்தில், கிடையாக, ஒழுங்குபட்டுவிடும். இதைத் தளவிளைவு என்பார்கள். நம் கண்ணுக்கு அது தெரியாது. தட்டானுக்கும் நீர்வண்டுக்கும் நீர்மூட்டைப் பூச்சிகளுக்கும் தெரியும். ஆகாயத்திலிருந்து பார்க்கும்போது அந்த ஒளிதான் அவற்றுக்குத் தண்ணீர். வெயிலில் நிற்கும் காரின் பானெட்டில் தட்டான் வாலைத் தட்டித் தட்டி முட்டையிட முயல்வதைப் பார்த்திருப்பீர்கள். பளபளப்பான பெயின்ட்டும் அதே வகை ஒளியைத்தான் தெறிக்க விடுகிறது. கொசு வேறு வழியில் வருகிறது. ஈரமும் மக்கும் இலையின் வாடையும் அதற்கு முகவரி சொல்லிவிடும்.

வந்தவற்றை அடையாளம் காண்பதில் நிறமும் அளவும் அவ்வளவாக உதவாது. ஒரே புழு பிறந்த அன்று நிறமற்று இருக்கும், ஒரு வாரத்தில் ரத்தச் சிவப்பாகிவிடும். நான் எல்லோருக்கும் சொல்வது, அது எங்கே, எதைக் கொண்டு மூச்சு விடுகிறது என்று பாருங்கள் என்பதைத்தான். காரணம் எளிது. ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. நம் ஊர் வெப்பத்தில், 30 டிகிரியில், ஒரு லிட்டர் தண்ணீர் முழுக்கக் கரைத்து வைத்துக்கொண்டாலும் 7.5 மில்லிகிராமைத் தாண்டாது. அழுகும் இலை கிடக்கும் தொட்டியின் அடிச்சேற்றில், அதுவும் இரவில், அந்தக் கொஞ்சமும் ஏறக்குறைய தீர்ந்துவிடும். தண்ணீரில் குடியிருக்க வந்த ஒவ்வொரு உயிரும் இந்தப் பற்றாக்குறைக்கு ஒரு தீர்வு கண்டாக வேண்டும். உடலமைப்பு, நீந்தும் விதம், தொட்டியில் தங்கும் இடம் எல்லாம் அந்தத் தீர்விலிருந்தே பிறக்கின்றன.

பார்ப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு கரண்டி, டார்ச், கைப்பேசி கேமரா போதும். முதலில் தொட்டியைத் தொடாமல், நிழல் விழாமல், பக்கவாட்டில் நின்று ஐந்து நிமிடம் பாருங்கள். கலக்கிவிட்டால் எது எங்கே இருந்தது என்ற தகவல் போய்விடும். அந்தத் தகவல்தான் பாதி விடை.

மேற்பரப்பில் வாலை ஒட்டிக்கொண்டு தொங்குபவை காற்றை நேரடியாக வாங்குபவை. அவற்றில் முதலில் நிற்பது கொசுப்புழு. வயிற்றின் கடைசியில் குழாய் ஒன்று இருக்கும், அதன் நுனி நீரின் மேல்தோலைத் துளைத்துக்கொண்டு நிற்கும், தலை கீழே. நிழல் பட்டாலோ தொட்டியைத் தட்டினாலோ எல்லாம் ஒரே நேரத்தில் உடலைச் சுழற்றிக் கீழே போகும். சற்று நேரத்தில் மூச்சு முட்டி மேலே வரும். தட்டினால் ஓடி, பிறகு தானே மேலே வரும் இந்தப் பழக்கம் ஒன்றே கொசுவை மற்ற பல புழுக்களிடமிருந்து பிரித்துக் காட்டிவிடும்.

எந்தக் கொசு என்பதையும் அதே குழாய் சொல்லும். கியூலெக்ஸின் குழாய் நீளமாக, ஒல்லியாக இருக்கும். உடல் சாய்வாகத் தொங்கும். கழிவு கலந்த நீர் அதற்குப் பிடிக்கும். தன் முட்டைகளை நூறு இருநூறாக ஒட்டவைத்து, மிதக்கும் கரித்துணுக்கு போலத் தண்ணீரின் மேல் விட்டுவிட்டுப் போகும். ஏடிஸின் குழாய் குட்டை, தடிமன். ஏறக்குறைய செங்குத்தாகத் தொங்கும், அடிக்கடி அடிக்கு இறங்கி மேயும். டெங்கு, சிக்குன்குனியா இரண்டையும் சுமக்கும் இந்த இனம் நல்ல தண்ணீரைத்தான் தேடும். பூந்தொட்டியின் அடித்தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, மூடாத டிரம், பழைய டயர் எல்லாம் அதற்கு வீடு. அனோபிலஸுக்குக் குழாயே கிடையாது. மூச்சுத்துளைகள் முதுகின் பின்பகுதியிலேயே இருப்பதால், நீரின் மேல் பரப்புக்கு இணையாகப் படுத்துக்கிடக்கும். இன்னொரு விசித்திரம்: வயிறு கீழ்நோக்கி இருக்க, தலையை மட்டும் முழுக்கத் திருப்பி வாய் மேல்நோக்கி வரும்படி வைத்துக்கொண்டு, மேற்பரப்பில் மிதப்பதை மேயும். சென்னையில் மலேரியா நகர நோயாகவே இருந்து வந்ததற்கு அனோபிலஸ் ஸ்டெஃபென்சி என்ற இனம் மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் வளரப் பழகிக்கொண்டது முக்கியக் காரணம்.

இந்த வேறுபாடு தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ரொனால்ட் ராஸின் கதையைவிடப் பெரிய சான்று கிடையாது. மலேரியாக் கிருமியைக் கொசுவின் உடலில் தேடி 1895 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவர் கொசுக்களை அறுத்துக்கொண்டிருந்தார். அறுத்தவற்றில் பெரும்பாலானவை இன்று நாம் கியூலெக்ஸ், ஏடிஸ் என்று அழைப்பவை. மனித மலேரியா அவற்றில் வளராது. 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் உதவியாளர்கள் கொண்டுவந்த சில புழுக்களை வளர்த்தபோது, இறக்கையில் புள்ளி போட்ட வேறு வகைக் கொசு வெளியே வந்தது. அவற்றை நோயாளியைக் கடிக்க வைத்து, ஆகஸ்ட் 20 அன்று அவற்றில் ஒன்றின் வயிற்றுச் சுவரில் கிருமியைக் கண்டார். 1902-இல் நோபல் பரிசு வந்தது. பரிசுக்கு வழிவிட்டவை யாரோ ஒரு பாட்டிலில் பிடித்து வந்த சரியான புழுக்கள்.

புழு நான்கு முறை தோலுரித்து, கமா வடிவக் கூட்டுப்புழுவாகும். அப்போது குழாய் வாலிலிருந்து முதுகின் முன்பகுதிக்கு வந்து, இரண்டு சிறு கொம்புகளாக நிற்கும். கூட்டுப்புழு எதையும் தின்னாது, ஆனால் நன்றாக நீந்தும். குட்டிக்கரணம் போட்டபடி அடிக்குப் போகும். இரண்டு நாளில் அதன் முதுகு பிளந்து கொசு வரும். நம் வெயிலில் முட்டையிலிருந்து கொசு வரை ஏழிலிருந்து பத்து நாள். "வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டிக் கழுவுங்கள்" என்று கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போவது இந்தக் கணக்கை வைத்துத்தான். கழுவும்போது சுவரைத் தேய்க்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. ஏடிஸ் தன் முட்டையைத் தண்ணீரில் இடுவதில்லை, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் ஒட்டிவைக்கிறது. அது காய்ந்தும் பல மாதம் உயிரோடு இருக்கும், தண்ணீர் மறுபடி ஏறும்போது பொரிக்கும்.

கொசுப்புழுவின் பலமும் பலவீனமும் அந்த மூச்சுக்குழாய்தான் என்பதை முதலில் பயன்படுத்திக்கொண்டது மண்ணெண்ணெய். 1892-இல் அமெரிக்கப் பூச்சியியலாளர் எல்.ஓ. ஹோவர்ட் தண்ணீரின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொசுப்புழுவைக் கொன்ற சோதனையை வெளியிட்டார். மெல்லிய எண்ணெய்ப் படலம் போதும், குழாய் அடைபட்டுப் புழு செத்துவிடும். இன்றும் சிலர் தொட்டியில் தேங்காயெண்ணெய் விடுகிறார்கள். தேங்கிய சாக்கடைக்கு அது சரி. அல்லித் தொட்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏனென்றால் கொசுவைத் தின்னும் பல பூச்சிகளும் மேலே வந்து காற்று வாங்குபவைதான், எண்ணெய் இரண்டு பேரையும் சேர்த்தே கொல்லும்.

எண்ணெய்க்கு அகப்படாத கொசுவும் ஒன்று உண்டு. மான்சோனியா என்ற இனத்தின் புழு மேலே வருவதே இல்லை. அதன் குழாய் கூரான, பல் வைத்த ஊசியாக மாறியிருக்கிறது. ஆகாயத்தாமரை, வெங்காயத்தாமரை போன்ற மிதக்கும் செடிகளின் வேரில் அதைக் குத்தி, வேருக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சிக்கொள்ளும். கேரளத்தின் சேர்த்தலைப் பகுதியில் ஒரு வகை யானைக்கால் நோய் வேரூன்றியதற்கு, குளங்களில் மண்டிய ஆகாயத்தாமரையும் அதன் வேரில் தொங்கிய மான்சோனியாவும்தான் காரணம். புதுச்சேரியில் 1975-இல் தொடங்கப்பட்ட நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் அங்கே மருந்தைவிடக் களையெடுப்புக்கு முக்கியத்துவம் கொடுத்தது. உங்கள் தொட்டியில் ஆகாயத்தாமரை அழகுக்காக மிதக்கிறது என்றால் ஒரு செடியைத் தூக்கி, வெள்ளைத் தட்டில் வேரை அலசிப் பாருங்கள்.

குழாய் வைத்தவையெல்லாம் கொசு என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. இலை அழுகி நாறும் தொட்டியில், உடலைவிடப் பல மடங்கு நீளும் வாலுடன் வெளிறிய தடித்த புழு ஒன்று கிடக்கும். எலிவால் புழு என்று சொல்லலாம். வால் என்பது மூச்சுக்குழாய். தண்ணீர் ஆழமாக ஆக, அதை நீட்டிக்கொள்ளும். பார்க்க அருவருப்பு, ஆனால் அது வளர்ந்தால் தேனீ வேடமிட்ட ஈயாகி, பூவில் தேன் குடிக்கப் போய்விடும். செத்த காளையின் உடலில் தேனீ பிறக்கும் என்று பழைய மத்தியதரைக்கடல் நாடுகளில் ஒரு நம்பிக்கை இருந்தது. அழுகல் நீரில் வளர்ந்து வெளியேறிய இந்த ஈக்களைத் தேனீ என்று நினைத்துவிட்டார்கள் என்று 1890-களில் ஓஸ்டென் சாக்கென் என்ற பூச்சியியலாளர் விளக்கினார். நீர்வண்டின் புழுவும் வால் நுனியை மேலே வைத்துத் தலைகீழாகத் தொங்கும். தூரத்தில் பார்த்தால் பெரிய கொசுப்புழு போல இருக்கும். தட்டில் எடுத்துப் பார்த்தால் ஆறு கால்களும் அரிவாள் வடிவத் தாடையும் தெரியும். கொசுப்புழுவுக்குக் கால் கிடையாது. அந்தத் தாடை உள்ளே துளை விழுந்த ஊசி. இரையைக் குத்தி, செரிமான நீரை உள்ளே செலுத்தி, கரைந்ததை உறிஞ்சும். விரலைக் கொடுக்காதீர்கள், வலிக்கும்.

இனி சிவப்பு. சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் இரண்டு சிவப்புப் புழுக்கள் விற்கிறார்கள். ஒன்று ரத்தப்புழு, மற்றது டியூபிஃபெக்ஸ். தொட்டியின் அடியில் தானாக வருபவையும் இந்த இரண்டும்தான். இரண்டுமே சிவப்பாக இருப்பதற்குக் காரணமும் ஒன்றுதான்: நம் ரத்தத்தில் இருக்கும் அதே வகைப் பொருளான ஹீமோகுளோபின். நம் உடலில் அது ரத்த அணுக்களுக்குள் அடைபட்டிருக்கிறது, இவற்றில் அணு ஏதுமின்றி ரத்தத்திலேயே கரைந்திருக்கிறது. மேலே போய்க் காற்று வாங்காமல், ஆக்சிஜன் தீர்ந்த சேற்றிலேயே வாழ்வதற்கு அவை கண்ட வழி அது. ஆனால் இரண்டும் உறவினர்கள் அல்ல. ஒன்று பூச்சியின் குழந்தை, மற்றது மண்புழுவின் தூரத்துச் சொந்தம்.

ரத்தப்புழுவுக்குத் தெளிவான தலை உண்டு. தலைக்குக் கீழே ஒரு ஜோடி, வால்பக்கம் ஒரு ஜோடி என்று குட்டைக் கால்கள் இருக்கும். இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டாது. சேற்றையும் தன் எச்சிற்பட்டையும் பிசைந்து ஒரு குழல் கட்டி, அதற்குள் உடலை அலைபோல ஆட்டித் தண்ணீரை இழுத்துக்கொண்டிருக்கும். வெளியே விழுந்துவிட்டால் எட்டு எழுதுவதுபோல உடலை மடக்கி மடக்கி நீந்தும், அது பெரிய நீச்சல் அல்ல. டியூபிஃபெக்ஸுக்குத் தலை என்று சொல்ல எதுவும் கண்ணுக்குத் தெரியாது, கால் இல்லை. சிவப்புச் சாயத்தில் முக்கிய பருத்தி நூல் அது. தலையைச் சேற்றில் புதைத்து, வாலை வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரில் ஆக்சிஜன் குறையக் குறைய வால் இன்னும் நீளமாக வெளியே வரும். தொட்டியைத் தட்டினால் ஒரு நொடியில் மொத்த சிவப்புப் பாயும் சேற்றுக்குள் மறைந்துவிடும். ஒரு இடத்தில் அது அடர்த்தியாக இருக்கிறது என்றால் அங்கே ஏதோ அதிகமாக அழுகுகிறது. இலைக்குப்பையை எடுத்துவிட்டால் தானாகக் குறையும். மீனுக்குப் போடுவதற்காகச் சாக்கடைக் கால்வாய்களில் அள்ளியது என்றால் நன்றாகக் கழுவியும் நான் நம்ப மாட்டேன். சொந்தத் தொட்டியில் வளர்ந்தது வேறு விஷயம்.

ரத்தப்புழுவின் மீது ஒரு பெரும் பழி இருக்கிறது. அது வளர்ந்து வருவது கொசு போலவே இருக்கும் ஒரு சிறு பூச்சி. மழை முடிந்த மாலைகளில் டியூப்லைட்டைச் சுற்றிக் கூட்டமாக மொய்த்து, காலையில் ஜன்னலோரம் குவியலாகச் செத்துக்கிடப்பது பெரும்பாலும் இதுதான். ரத்தம் குடிக்கும் ஊசிவாய் அதற்குக் கிடையாது, கடிக்காது. சுவரில் உட்கார்ந்திருக்கும்போதே பிரித்துவிடலாம். கொசு பின்னங்கால்களைத் தூக்கி வைத்திருக்கும், இது முன்னங்கால்களைத் தூக்கி வைத்திருக்கும். வீட்டு சம்ப்பில் சிவப்புப் புழு வந்துவிட்டது, குழந்தைகள் வயிற்றில் புழு வைத்துவிடும் என்று பயப்படுபவர்களும் உண்டு. ரத்தப்புழு ஒட்டுண்ணி அல்ல, வயிற்றில் வளராது. ஆனால் அது இருக்கிறதென்றால் சம்ப்பின் அடியில் சேறு தங்கியிருக்கிறது, மூடி சரியில்லை என்று அர்த்தம். தொட்டியைக் கழுவ அதுவே போதுமான காரணம்.

ஹீமோகுளோபினை வைத்துக்கொண்டிருக்கும் இன்னொரு ஆள் எதிர்பாராத இடத்தில் இருக்கிறது. முதுகு கீழேயும் வயிறு மேலேயுமாக, துடுப்பு போட்டு நீந்தும் சிறு பூச்சிகளைத் தொட்டியில் பார்த்திருப்பீர்கள். அவற்றில் அனிசோப்ஸ் என்ற இனம் மேலே வந்து காற்றுக் குமிழியை வாங்கிக்கொண்டு இறங்கும். குமிழி கரையக் கரைய உடல் கனத்து மூழ்க வேண்டும். அது மூழ்குவதில்லை. வயிற்றிலுள்ள ஹீமோகுளோபின் தேக்கிய ஆக்சிஜனைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிப்பதால் குமிழியின் அளவு ஏறக்குறைய நிலையாக நிற்கும், பூச்சியும் நடுநீரில் அசையாமல் நிற்கும். அங்கே நின்றபடி கொசுப்புழுக்களை வேட்டையாடும். நடுநீரில் நிற்கும் இன்னொன்று கண்ணாடிப் புழு. உடல் முழுக்க ஊடுருவித் தெரியும், முன்னும் பின்னுமாக இரண்டு ஜோடி வெள்ளிக் காற்றுப்பைகள் மட்டும் மின்னும். அதுவும் கொசுப்புழு தின்னும்.

கால் வைத்து அடியில் நடப்பவை தண்ணீரிலிருந்தே ஆக்சிஜனை எடுப்பவை, அதாவது செவுள் வைத்தவை. வாலில் இலை வடிவில் மூன்று தகடுகள் விரிந்திருந்தால் ஊசித்தட்டானின் இளம்பூச்சி, அந்தத் தகடுகள்தான் செவுள். வாலில் மூன்று மெல்லிய இழைகள் நீண்டு, வயிற்றின் இருபுறமும் சிறு செதில்கள் விடாமல் படபடத்தால் அது மேஃப்ளை எனும் ஈசலைப் போன்ற பூச்சியின் குஞ்சு. அந்தப் படபடப்புதான் மூச்சு. வளர்ந்த மேஃப்ளைக்கு உண்ணக்கூடிய வாயே இல்லை, தொட்டியில் தின்றதை வைத்துத்தான் மீதி வாழ்வு.

தட்டை உடலும் பருத்த கண்ணுமாகச் சேற்று நிறத்தில், வெளியே செவுளே தெரியாமல் ஒன்று கிடந்தால் அது தட்டானின் இளம்பூச்சி. செவுள் அதன் மலக்குடலுக்குள் இருக்கிறது. பின்துளை வழியாகத் தண்ணீரை இழுத்து, ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, அதே வழியாக வெளியே விடும். ஆபத்து வந்தால் அந்தத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி ஜெட் விமானம் போல முன்னே பாயும். வெள்ளைத் தட்டில் கொஞ்சம் சேற்றைப் போட்டு அதன் பின்பக்கம் வைத்துப் பார்த்தால் துகள்கள் உள்ளே போய் வருவது கண்ணுக்கே தெரியும். வாயும் அதே அளவு வினோதம். கீழுதடு நீண்டு, முழங்கை போல மடிந்து முகத்தை மூடியிருக்கும். இரை அருகே வந்ததும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் நீண்டு, நுனிக் கொக்கியால் பிடித்து வாய்க்குக் கொண்டுவரும். கொசுப்புழு, ரத்தப்புழு, தலைப்பிரட்டை என்று எதையும் விடாது. சமயத்தில் தன் தம்பியையும்.

தொட்டியில் வளரும் தட்டான்களில் ஒன்று உலகப் பயணி. மஞ்சள் உடலோடு மழைக்காலத்தில் கூட்டமாக வட்டமடிக்கும் பான்டாலா, மழையால் தேங்கிய குட்டையிலேயே ஓரிரு மாதத்தில் வளர்ந்துவிடும். நன்னீர்க் குட்டைகள் அரிதான மாலத்தீவில் ஒவ்வோர் அக்டோபரிலும் இவை லட்சக்கணக்கில் வந்து இறங்குவதைக் கவனித்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை கடல் கடந்து போகின்றன என்று 2009-இல் எழுதினார். மழையைத் துரத்திக்கொண்டே போய், அடுத்த தலைமுறை திரும்பி வருகிறது.

குழாயும் செவுளும் ஹீமோகுளோபினும் இல்லாதவை தோலாலேயே மூச்சு விடுகின்றன. உடல் மெலிந்தோ தட்டையாகவோ இருந்தால்தான் அது கட்டுப்படியாகும். சுவரில் வழுக்கிச் செல்வது போல நகரும், முக்கோணத் தலையில் மாறுகண் போல இரண்டு புள்ளி வைத்த தட்டைப்புழு பிளனேரியா. நெளியாது, அதுவே அடையாளம். துண்டாக்கிக் கொல்ல நினைத்தால் பெருகும். டி.எச். மார்கன் 1898 வாக்கில் இதை வெட்டி வெட்டிப் பார்த்து, உடலின் 279-இல் ஒரு பங்கே உள்ள துண்டும் முழுப் புழுவாக வளரும் என்று கணக்கிட்டார். பிறகுதான் அவர் பழ ஈக்களுக்குப் போனார், 1933-இல் நோபல் பெற்றார். சுருங்கி நீண்டு, இரு முனையாலும் ஒட்டி ஒட்டி நடந்தால் அட்டை. தொட்டியில் இருக்கும் தட்டையான சின்ன அட்டைகள் பெரும்பாலும் நத்தையைத் தின்பவை, நம்மைக் கடிக்க வராது. வெள்ளை நூலாக வளைந்து நீந்துபவை மீனுக்குத் தீனி அதிகம் போட்ட தொட்டியில் பெருகும், தீனியைக் குறைத்தால் போதும்.

உண்மையிலேயே பயமுறுத்தும் விருந்தாளி ஒன்று உண்டு. காலையில் பார்த்தால் ஒரு முழ நீளத்தில், கம்பி கனத்தில், பழுப்புக் கறுப்பாக ஏதோ ஒன்று தண்ணீரில் முடிச்சுப் போட்டுக்கொண்டு மெதுவாக அசையும். மழைக்காலத்தில் குளியலறைத் தரையிலும் இது தென்படும். குதிரைமுடிப் புழு. பழைய தலைமுறைக்காரர்களுக்கு உடனே நரம்புச்சிலந்தி ஞாபகம் வரும். அந்த நோயின் புழுவும் ஒரு மீட்டர் வரை நீளும், ஆனால் அது மனிதக் காலைத் துளைத்து வெளியே வருவது. தண்ணீரில் அதன் குஞ்சு சைக்ளாப்ஸ் என்ற கண்ணுக்கு அரிதாகத் தெரியும் உயிருக்குள்தான் வளரும். தமிழ்நாட்டில் அந்த நோய் 1984-இலேயே ஒழிந்தது. நாட்டின் கடைசி நோயாளி 1996-இல் ராஜஸ்தானில் கண்டறியப்பட்டார், 2000-இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை விடுபட்ட நாடாக அறிவித்தது.

குதிரைமுடிப் புழு நமக்கு ஒன்றும் செய்யாது. அது வந்தது சில்வண்டு, கும்பிடுபூச்சி, வெட்டுக்கிளி போன்ற ஒன்றின் வயிற்றிலிருந்து. உள்ளே இருந்து அதன் சத்தையெல்லாம் தின்று வளர்ந்து, முதிர்ந்ததும் அந்தப் பூச்சியைத் தண்ணீரில் குதிக்க வைக்கும். குதித்ததும் வெளியே நழுவிவிடும். தெற்கு பிரான்சில் ஒரு வீட்டு நீச்சல்குளத்தின் ஓரம் இரவெல்லாம் உட்கார்ந்து, சில்வண்டுகள் வந்து விழுவதைக் கவனித்து, ஃபிரெடெரிக் தோமாவும் சகாக்களும் 2002-இல் இதை எழுதினார்கள். 2021-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். இந்தப் புழு ஏறிய கும்பிடுபூச்சி, கிடையாகத் தளவிளைவு பெற்ற ஒளியை நோக்கி நடக்கிறது. தட்டானுக்குத் தண்ணீரைக் காட்டும் அதே ஒளி, இங்கே ஒரு கடத்தல்காரனுக்குப் பயன்படுகிறது. குதிரையின் முடி தண்ணீரில் ஊறினால் இந்தப் புழுவாகிவிடும் என்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலர் நம்பினார்கள். ஜோசஃப் லீடி 1870 வாக்கில் பல மாதம் குதிரைமுடியைத் தண்ணீரில் போட்டு வைத்துப் பார்த்தார். முடி முடியாகவே இருந்தது.

புழுவே அல்லாமல் இலை மட்டும் வட்டமாக வெட்டுப்பட்டிருந்தால், மிதக்கும் இலைத்துண்டைப் புரட்டிப் பாருங்கள். இரண்டு துண்டை ஒட்டிக் கூடு செய்து அதற்குள் ஒரு பச்சைப் புழு இருக்கும். நெல் வயலில் கூண்டுப்புழு என்று விவசாயிகள் சபிக்கும் அந்துப்பூச்சியின் உறவினர். கையால் பொறுக்கி எடுத்தால் போதும்.

கொசுவை என்ன செய்வது என்பதுதான் மிச்சம். நகராட்சிகள் கொடுக்கும் கம்பூசியா மீன் 1928-இல் இந்தியாவுக்கு வந்தது. புழுவைத் தின்னும், மறுக்கவில்லை. தட்டான் குஞ்சு, உள்ளூர் மீன்களின் முட்டை, தவளைக் குஞ்சு எல்லாவற்றையும் அதே பசியோடு தின்னும். உலகின் மோசமான நூறு அந்நிய ஊடுருவிகளின் பட்டியலில் அதற்கு இடம் உண்டு. சிமென்ட் தொட்டியில் விடலாம், ஏரியிலோ வாய்க்காலிலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். தலையில் வெள்ளிப் பொட்டு மின்னும் நம் ஊர் ஆப்லோகைலஸ் மீனும் மேற்பரப்பிலேயே மேய்வதுதான், கிடைத்தால் அதை வளர்ப்பேன். மருந்து வேண்டும் என்றால் பிடிஐ என்ற பாக்டீரியாத் தூள் இருக்கிறது. 1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில், கொசுப்புழுக்கள் செத்து மிதந்த ஒரு குட்டையிலிருந்து பிரித்தெடுத்தது. அதன் நச்சு கொசுப்புழுவின் காரத்தன்மை கொண்ட குடலில்தான் வேலை செய்யும், மீனையும் தட்டானையும் ஒன்றும் செய்யாது. அதைப் புழு தின்றாக வேண்டும் என்பதால் தின்னாத கூட்டுப்புழு தப்பிவிடும், எனவே போட்ட அன்றே கொசு நிற்காது.

மருந்தே இல்லாமல் ஒரு சோதனை மியான்மரின் யாங்கோனில் நடந்தது, 1990-இல் வெளியானது. வீட்டுத் தண்ணீர்ப் பாத்திரங்களில் மழைக்காலம் முழுக்க மாதந்தோறும் தட்டானின் இளம்பூச்சிகளை விட்டார்கள். நம் ஊரிலும் சாதாரணமாகப் பறக்கும் செந்நிறத் தட்டான், குரோக்கோதெமிஸ். வீட்டுக்காரர்களே அதைப் பார்த்துக்கொண்டார்கள். சில வாரங்களில் ஏடிஸ் புழு மிகக் குறைந்தது, அதன்பின் வளர்ந்த கொசுவும் குறைந்தது. அல்லித் தொட்டிக்கு யாரும் கொண்டுவந்து விட வேண்டியதில்லை, தட்டான் தானே வரும். அது ஏறி வந்து தோலுரிக்கத் தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குச்சியோ கோரையோ வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதற்கு ஓரிரு மாதம் கலையாத தண்ணீர் தேவை. கொசுவுக்கு எட்டு நாள் போதும். ஆகவே தொட்டியை வாரம் தவறாமல் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள், அல்லது மேலே அழுக்கை மட்டும் அள்ளிவிட்டு அடியைக் கலைக்காமல் விடுங்கள். பலரும் செய்வது மாதம் ஒருமுறை முழுக்கக் கழுவுவது. அந்த இடைவெளியில் தட்டான் பெரும்பாலும் ஒருமுறைகூட வளர்ந்து முடிக்காது, கொசு மூன்று முறை வளர்ந்து பறந்துவிடும்.